எழுதிப் பார்த்தால்தான் ஏடு புரியும்

பெங்களூரு டொம்லூரில் சொக்கநாதசுவாமி கோயில் ஒன்று உள்ளது. அதன் சுவர்களில் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டுகளைக் காணலாம். போசள மன்னன் வீர இராமநாதன் காலத்தவையும் அவற்றுள் உண்டு. இவ்வூருக்குத் தேசிமாணிக்கப் பட்டணம் என்றொரு பெயர் வழங்கியதை அக்கல்வெட்டுகளே நமக்குக் கூறுகின்றன. பி. எல். ரைஸ் என்னும் அறிஞர் 1905இல் வெளியிட்ட பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுத் தொகுதியில் அவை அச்சேறியும் உள்ளன.

சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவர் சிலரை அங்கு அழைத்துச் சென்றேன். அவர்கள் வீட்டில் தமிழ் பேசுபவர்கள். பள்ளியில் தமிழை விருப்பப் பாடமாக ஏற்றவர்கள். சுவரின் முன் நின்ற அவர்களால் ஒரு சொல்லைக்கூடப் படிக்க இயலவில்லை. “இது தமிழ்தானா, ஐயா?” என்று ஒரு மாணவி கேட்டாள். எனக்கும் இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் ஓடவில்லை என்பதை மறைப்பதற்கில்லை.

பழைய எழுத்து வடிவங்களை அட்டவணையாகக் காட்டி, மாணவரை மனப்பாடம் செய்யச் சொல்வதே இன்றைய வழக்கம். தேர்வு முடிந்ததும் அது மறந்துபோகிறது. மாணவர்கள் எழுத்தாணி பிடித்து ஓலையில் எழுதவேண்டும். ஒரு சிறு சுவடியையேனும் தம் கையால் கட்டி முடிக்கவேண்டும். அதற்கெனப் பள்ளிகள் ஒரு பருவத்தில் சில பாடவேளைகளை ஒதுக்கவேண்டும் என்பது என் கருத்து. கல்லில் வெட்டிய எழுத்தும் ஏட்டில் கீறிய எழுத்தும் வடிவில் சற்று வேறுபடலாம். ஆயினும் புள்ளி இன்மையும் சொற்களுக்கிடையே இடைவெளி இன்மையும் பெரும்பாலும் இரண்டிற்கும் பொது. ஏட்டில் பழகிய கண் கல்வெட்டின் முன்னும் திகைத்து நிற்காது.

இக்கருத்தை நான் வெறும் ஆர்வத்தால் கூறவில்லை. டொம்லூரிலிருந்து திரும்பியபின் அம்மாணவர்களோடு சேர்ந்து எழுதிப் பார்த்தேன். பனையோலையைத் தருமபுரிப் பக்கத்திலிருந்து வரவழைத்தோம். ஈர்க்கை நீக்கி, ஓலையை ஒரே அளவாக நறுக்கி, மஞ்சள் கலந்த நீரில் வேகவைத்து, நிழலில் உலர்த்தி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினோம். இதனைப் ‘பாடம் செய்தல்’ என்பர். இதற்கே இரண்டு வாரங்கள் ஆயின. பிறகு எழுதத் தொடங்கியபோதுதான் உண்மையான பாடம் தொடங்கியது.

தாளில் எழுதும்போது கை நகர்கிறது, தாள் நிற்கிறது. ஏட்டில் எழுதுவோர் ஓலையை இடக்கையில் ஏந்தி, இடக்கைப் பெருவிரலில் எழுத்தாணியைத் தாங்கி, ஓலையையே சிறிது சிறிதாக நகர்த்துவர். அக்காலத்தில் எழுத்தாணி வழுக்காதிருக்கப் பெருவிரல் நகத்தில் சிறு பள்ளம் வெட்டிக்கொண்டவர்களும் உண்டு. எங்கள் மாணவர்கள் அவ்வளவு தூரம் செல்லவில்லை! முதல் நாள் எழுதிய ஏடுகளில் பெரும்பாலானவை கிழிந்தன. நார் ஓடும் திசையில் நேர்கோட்டை அழுத்தி இழுத்தால் ஓலை பிளந்துவிடும். ‘ட’, ‘ப’ ஆகிய எழுத்துகளின் அடிக்கோட்டில்தான் அவர்கள் மிகவும் இடர்ப்பட்டனர். மூன்றாம் நாள், யாரும் சொல்லாமலேயே, அவர்கள் எழுத்தின் மூலைகள் வளையத் தொடங்கின. நம் எழுத்துகள் வளைவு கொண்டதற்கு ஓலையும் ஒரு காரணம் என்று நூல்கள் கூறும். அதனை அவர்கள் தம் விரல்களால் அறிந்துகொண்டனர்.

புள்ளியின் செய்தியும் இத்தகையதே. மெய்யெழுத்தும் எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய விதி. ஆனால் ஏடெழுதியோர் பெரும்பாலும் புள்ளி இடவில்லை. எழுத்தாணியின் கூர்நுனியைச் செங்குத்தாக வைத்து அழுத்தினால் ஓலை பொத்தலாகும் என்பதை எங்கள் மாணவர்கள் முதல் வரியிலேயே கண்டனர்.

புள்ளி இன்மையால் வாசிப்பவர்க்கு நேரும் துன்பம் சிறிதன்று. குறில் நெடில் வேறுபாடு தெரியாது. போதாக்குறைக்கு ரகரமும் கால் குறியும் ஒரே வடிவில் எழுதப்பட்டன. ‘கொடி’ என்று எழுதியிருந்தால் அது கொடியா, கோடியா, ‘கெரடி’ என்று ஏதேனும் உண்டா என்று இடம் நோக்கியே முடிவு செய்யவேண்டும். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது இத்தகைய ஐயங்களோடுதான் போராடினார். அவர் இளமையில் ஓலையில் எழுதிப் பழகியவர். ஒரு பிழை எவ்வாறு நேர்ந்திருக்கும் என்பதை எழுதிப் பழகியவரே எளிதில் உணர்வர்.

இது தமிழுக்கு மட்டும் உரிய உண்மை அன்று. ஐரோப்பாவின் இடைக்கால எழுத்துக்கலை அச்சின் வரவால் ஏறக்குறைய மறைந்திருந்தது. எட்வர்டு ஜான்ஸ்டன் என்பவர் லண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருந்த பழைய கையெழுத்து நூல்களை ஆராய்ந்தார். பறவையிறகைத் தட்டை முனையாகச் சீவித் தாமே எழுதி எழுதிப் பார்த்தார். கோடு தடிப்பதும் மெலிவதும் பேனா முனையாலும் அதைப் பிடிக்கும் கோணத்தாலும் அமைகின்றன என்று கண்டார். 1906இல் அவர் வெளியிட்ட நூலைக் கொண்டு இன்றும் பலர் அக்கலையைப் பயில்கின்றனர்.

“சுவடிகள் படமெடுக்கப்பட்டுக் கணினியில் ஏறிவிட்டன; இனி எழுதிப் பழகுவது எதற்கு?” என்று கேட்பர். படம் ஏட்டைக் காக்கும், வாசிப்பவரை உருவாக்காது. ஓலைக்கு ஆயுள் உண்டு. அது செல்லரிக்குமுன் மற்றோர் ஏட்டில் படியெடுத்து வைத்தனர் நம் முன்னோர். அச்சு வந்தபின் அவ்வழக்கம் அருகிவிட்டது. சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் தமிழ் மருத்துவச் சுவடிகளை யுனெஸ்கோ 1997இல் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. மருத்துவச் சுவடியில் ஓர் எழுத்தைப் பிழையாகப் படித்தால் மருந்தின் பெயரே மாறிவிடக்கூடும். இவற்றைப் படிக்கத் தெரிந்தவர் நாளை எத்தனை பேர் இருப்பர் என்பதே என் கவலை. மதிப்பெண் கிடைக்காதே என்பது மற்றொரு தடை. அதற்கு விடை பள்ளியின் கையில்தான் உள்ளது. செய்முறைப் பயிற்சிக்கு மதிப்பெண் வழங்குவது புதிய வழக்கம் அன்று.

எங்கள் மாணவர்கள் ஆளுக்கு எட்டு ஏடுகள் எழுதினர். தம் பாட்டிமாரிடம் கேட்டறிந்த கைம்மருந்துகளே பொருள். விளக்குக்கரியும் கோவையிலைச் சாறும் பூசித் துடைத்தபின், அதுவரை மங்கலான கீறலாக இருந்த எழுத்து கருமையாகத் தெளிந்தது. அப்போது வகுப்பில் எழுந்த ஆரவாரத்தில் அடுத்த அறை ஆசிரியர் எட்டிப் பார்த்தார். துளையிட்டு, கயிறு கோத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டினோம். பின்னர்ச் சுவடிகளை ஒருவருக்கொருவர் மாற்றிக் கொடுத்தேன். ‘இது தமிழ்தானா’ என்று கேட்ட அதே மாணவி, இருமலுக்குத் ‘தேன்’ சேர்க்கவேண்டும் என்பதைப் பழைய முறையில் ‘தென’ என்று எழுதியிருந்தாள். அதனைப் பெற்ற மாணவன் ‘தென்’ என்று படித்துவிட்டு, மருந்தில் திசை எங்கிருந்து வந்தது என்று நெடுநேரம் விழித்தான்.

அடுத்த மாதம் மீண்டும் டொம்லூர் செல்ல இருக்கிறோம். இம்முறை ஒரு வரியையேனும் படித்துவிட்டுத்தான் திரும்புவது என்று அவர்கள் முடிவு செய்திருக்கின்றனர்.