மறைக்க வேண்டிய நோயன்று



காசிமேட்டிலிருந்து விசைப்படகில் சென்ற ஒருவருக்குக் கடலில் கால் முறிந்துவிட்டால், கரை சேர்ந்தவுடன் அவரை ஸ்டான்லி மருத்துவமனைக்குக் கொண்டு செல்கிறோம். நான்கு வீட்டார் துணைக்குப் போகின்றனர். அதே மனிதர் ஒரு மாதமாய் உறங்காமலும் உண்ணாமலும், எவரோடும் பேசாமலும் சுவரைப் பார்த்துக் கிடந்தால் என்ன செய்கிறோம்? சோம்பல் என்கிறோம், செய்வினை என்கிறோம். இளைஞனாயின், 'ஒரு கல்யாணம் செய்து வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்று பெண் தேடுகிறோம். அதே ஸ்டான்லியில் மனநல மருத்துவப் பிரிவும் உண்டு. ஆயினும் அங்கே அழைத்துச் செல்லத் தயங்குகிறோம். ஊரார் அறிந்தால் தங்கைக்கு வரன் அமையாதே என்னும் அச்சமே காரணம்.

இந்த அச்சம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி காட்டிற்று. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில், அங்கிருந்த தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றி எரிந்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகளால் தப்பி ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். இத்தகைய காப்பகங்களில் நோயாளிகளைக் கொண்டு சேர்த்தவர்கள் பெரும்பாலும் பகைவர்கள் அல்லர். வேறு வழி அறியாத பெற்றோரும் உடன்பிறந்தோருமே. மனநோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் அறவே தடை செய்துள்ளது. ஆனால் வீட்டின் பின்னறையில் வெட்கம் போடும் பூட்டை எந்தச் சட்டத்தாலும் திறக்க இயலாது. அதைத் திறக்க வேண்டியவர்கள் நாமே.

'கீழ்ப்பாக்கம்' என்னும் ஊர்ப் பெயரையே நம் நகரத்தார் கேலிச் சொல்லாக்கி விட்டனர். அங்குள்ள மனநல மருத்துவமனையை 1961 முதல் 1978 வரை தலைமையேற்று நடத்தியவர் டாக்டர் சாரதா மேனன். 1984இல் மனச்சிதைவு நோயாளிகளுக்கென 'ஸ்கார்ஃப்' நிறுவனத்தைச் சென்னையில் தோற்றுவித்தவரும் அவரே. மருந்தோடு தொழிற்பயிற்சியும் குடும்பத்தின் அரவணைப்பும் சேர்ந்தால், இந்நோயாளிகளுள் பலர் மற்றவரோடு கூடி வாழவும் உழைத்துப் பிழைக்கவும் இயலும் என்பதே அவரது வாழ்நாள் பணி உணர்த்திய உண்மை. ஆனால் சிகிச்சை தாமதமாகத் தாமதமாகக் குணம் காண்பதும் கடினமாகிறது. வெட்கத்தால் நாம் இழப்பது இந்தக் காலத்தையே.

'செபம் போதாதா?' என்று கேட்போர் உண்டு. செபம் வேண்டும், அதை விடச் சொல்வாரில்லை. ஆனால் நோயுற்றவன் ஆண்டவரை மன்றாட வேண்டும் என்று கற்பிக்கும் சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரமே, மருத்துவரையும் ஆண்டவரே படைத்தார், அவருக்கு உரிய இடத்தைக் கொடு என்றும் கற்பிக்கிறது. நீரிழிவுக்கு மாத்திரை உண்பது விசுவாசக் குறைவு அன்று எனில், மனச்சோர்வுக்கு உண்பது மட்டும் எவ்வாறு குறைவாகும்?

ஆகவே, இரண்டு வாரத்திற்கு மேல் ஒருவரின் உறக்கமும் பசியும் பேச்சும் மாறியிருந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 'நான் இருந்து என்ன பயன்?' என்று ஒருவர் சொன்னால் அதை வெறும் பேச்சென்று தள்ளாதீர்கள். அவரைத் தனியே விடாதீர்கள். அன்றே உதவி தேடுங்கள். 2022இல் அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்னும் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். நோயாளியைப் பேணும் தாயையோ மனைவியையோ மறவாதீர்கள். ஒரு பிற்பகலேனும் அவருக்கு ஓய்வு கிடைக்க அண்டை வீட்டார் உதவலாம்.

இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும், பல மாதங்களாய் ஞாயிறு பூசைக்கு வராத குடும்பம் ஒன்றை நீங்கள் அறிந்திருக்கலாம். ஏன் வரவில்லை என்று கண்டிக்கச் செல்ல வேண்டாம். 'மருத்துவமனைக்குத் துணைக்கு வரட்டுமா?' என்று கேட்கச் செல்லுங்கள்.