குழந்தை நல்லா இருக்குல்ல... அப்புறம் என்ன?

போன வாரம் சித்தி பொண்ணுக்குப் பிரசவம். பார்க்கப் போயிருந்தேன். இருபது மணி நேரம் வலி, கடைசியில ஆயுதம் போட்டு எடுத்திருக்காங்க. தையல், ரத்தம் ஏத்தினது எல்லாம் ஆகி, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தா. வந்த சொந்தபந்தம் எல்லாம் தொட்டிலை எட்டிப் பார்த்துட்டு அவகிட்ட ஒரே வசனம்: "குழந்தை நல்லா இருக்குல்ல, அப்புறம் என்ன?"

நானும் அதையே சொல்ல வாயைத் திறந்துட்டேன் மக்களே. அதான் கொடுமை. அந்த வசனம் என்ன பண்ணும்னு எனக்குத் தெரியாதா என்ன!

அதனால இந்தப் பதிவு. சமையல் குறிப்பு, ரங்கமணி புராணம் எல்லாம் அடுத்த வாரம் :-)

என் கதை 2012ல. தனியார் ஆஸ்பத்திரி, பேர் வேண்டாம். பதினாறு மணி நேரம் வலி. குழந்தையோட இதயத் துடிப்பு இறங்குதுன்னு திடீர்னு ஒரே ஓட்டம். "இவளுக்கு முக்கவே தெரியல"ன்னு யாரோ சொன்னது மட்டும் தெளிவா காதுல விழுந்துச்சு. ஆபரேஷன் முடிஞ்சும் ரத்தம் நிக்கல. நாலு யூனிட் ஏத்தினாங்க. குழந்தை அழுத சத்தம் எனக்குக் கேட்கவே இல்ல. உயிரோட இருக்கானான்னு கேட்டேன். ஒருத்தரும் பதில் சொல்லல. மறுநாள் மத்தியானம்தான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவுதான், ரெண்டு பேரும் பொழைச்சு வீட்டுக்கு வந்தோம்.

வீட்டுல ஒரு குறையும் சொல்ல முடியாது. பச்ச உடம்புக்காரின்னு அம்மா என்னைத் தரையில கால் வைக்க விடல. பிரசவ மருந்து, பூண்டுக் குழம்பு, பால் சுறாப் புட்டு, சாம்பிராணிப் புகை, காதுல பஞ்சு. உடம்புக்கு நம்ம ஊர்ல இருக்குற கவனிப்பு வேற எங்கயும் கிடையாதுன்னு இன்னைக்கும் சொல்லுவேன். ஆனா பத்தியத்துக்குக் கட்டின வாயைப் பேச்சுக்கும் சேர்த்துக் கட்டிட்டாங்க. அந்த ராத்திரியைப் பத்தி நான் ஆரம்பிச்சா போதும், "அதெல்லாம் இப்ப எதுக்கு, பால் வத்திடும்"னு அம்மா நிறுத்திடுவாங்க. பிரசவம்னா பொம்பளைக்கு மறுபிறப்புன்னு சொல்ற அதே வாய்தான். மறுபிறப்புன்னா முன்னாடி ஒரு சாவு இருந்திருக்கணுமே, அதைப் பத்தி ஏன் யாருமே கேட்கல?

எனக்கு ஸ்பிரிட் வாசனை பட்டா கை நடுங்கும். அந்த ஆஸ்பத்திரி இருக்குற ரோட்டுல போகாம ரெண்டு கிலோமீட்டர் சுத்திப் போவேன். பையன் நல்லாத் தூங்கினா மூக்குல விரல் வெச்சுப் பார்ப்பேன், ஒரு ராத்திரிக்கு முப்பது தடவை. முதல் பிறந்த நாளுக்கு எல்லாரும் கேக் வெட்டக் காத்திருக்காங்க, நான் பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதுட்டு இருக்கேன். இதுல உச்சம் என்னன்னா, எனக்கே என் மேல கோவம். குழந்தைதான் நல்லா இருக்கானே, இவளுக்கு என்ன வந்துச்சு?

அதுக்கப்புறம் ஒரு நாள் அத்தை வந்தாங்க. அப்பாவோட தங்கச்சி, பள்ளிக்கூடம் பக்கமே போகாதவங்க. பூண்டு உரிச்சுக்கிட்டே, "அன்னைக்கு உள்ள என்னடி நடந்துச்சு? முதல்ல இருந்து சொல்லு"ன்னாங்க. குழந்தையைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. நான் சொல்ல ஆரம்பிச்சேன். நடுவுல ஆறுதல் சொல்லல, புத்தி சொல்லல, "எனக்கும் இப்படித்தான்"னு குறுக்க வரல. "ம்... அப்புறம்?" அவ்வளவுதான். ரெண்டு மணி நேரம். முடிஞ்சதும், "பயந்துதான் போயிருப்ப"ன்னு சொல்லிட்டு காப்பி போடப் போயிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி தொடர்ந்து மூணு மணி நேரம் தூங்கினேன்.

அத்தையால எல்லாம் சரியாயிடுச்சுன்னு கதை விட மாட்டேன். டாக்டரைப் பார்க்கச் சொன்னதும் அவங்கதான். மனநல மருத்துவர் ஒரு தாள்ல பத்துக் கேள்வி கொடுத்தார். எடின்பரோ அளவுகோலாம், 1987ல வந்தது, தமிழ்லயும் இருக்கு. அது பிரசவத்துக்குப் பிறகு வர்ற மனச்சோர்வைக் கண்டுபிடிக்க. எனக்கு அதோட இன்னொண்ணும் இருந்துச்சு. போர்ல இருந்து திரும்பினவங்களுக்கும் விபத்துல பொழைச்சவங்களுக்கும் வர்ற அதே அதிர்ச்சிக் கோளாறு, பிள்ளை பெத்தவங்களுக்கும் வரும்னார். 2017ல பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததுல பொதுவா நூத்துக்கு நாலு தாய்மாருக்கும், சிக்கலான பிரசவம் மாதிரி ஆபத்து அதிகம் உள்ளவங்கள்ல நூத்துக்கு 18 பேருக்கு மேலயும் இது இருந்திருக்கு. நடந்ததைப் பக்குவமா, கொஞ்சம் கொஞ்சமா திரும்பச் சொல்ல வெச்சுப் பண்ற பேச்சு சிகிச்சை இதுக்கு இருக்கு. எனக்கு ஏழெட்டு மாசம் ஆச்சு.

அதுல பாதி பாரம் ஒரே நாள்ல இறங்கினதையும் சொல்லணும். டிஸ்சார்ஜ் சம்மரியை வேற ஒரு மகப்பேறு டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போனேன். வரி வரியா படிச்சுக் காட்டினாங்க. பிள்ளை வெளிய வந்ததும் கருப்பை சுருங்கணும், அப்பதான் ரத்தக் குழாய் எல்லாம் அடைபடும். ரொம்ப நேரம் வலி எடுத்துச் சோர்ந்த கருப்பை சில சமயம் சுருங்காது, அதான் ரத்தம் நிக்கல. "இதுல நீங்க பண்ணின தப்பு என்னம்மா இருக்கு?"ன்னாங்க. முக்கத் தெரியாததால வந்த வினைன்னு ரெண்டு வருஷமா நெனச்சுட்டு இருந்தேன்.

என் கட்சி இதுதான். பில் போட ஒரு மணி நேரம் உட்கார வைக்கிற ஆஸ்பத்திரி, வீட்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் உட்கார்ந்து "உனக்கு இது நடந்துச்சு, இதனால நடந்துச்சு"ன்னு சொல்லட்டும். பிரசவ அறைக்குள்ள ஒரு பெண் துணை இருக்கலாம்னு தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகள்ல 2004லயே திட்டம் வந்தாச்சு, மத்திய அரசு 2016ல சொல்லியாச்சு. என் அம்மா கதவுக்கு வெளியவேதான் நின்னாங்க. உள்ள இருந்திருந்தா உயிரோட இருக்கானான்னு கேட்டதுக்கு ஒரு பதிலாவது கிடைச்சிருக்கும்.

ரங்கமணியையும் விட்டுடக் கூடாது. உயிருக்கு ஆபத்து நேர்ந்தா நாங்க பொறுப்பில்லைங்கற தாள்ல கையெழுத்துப் போட்டது அவர். அவரும் அந்த ரோட்டுல போக மாட்டார்னு எனக்குத் தெரிய நாலு வருஷம் ஆச்சு. ஆம்பளைங்ககிட்ட நல்லா இருக்கியான்னு கூட யாரும் கேட்கல.

கேளுங்கன்னு சொன்னதுக்காகப் போய்த் தோண்டாதீங்க. சொல்ல விருப்பமில்லேன்னா விட்டுடணும். தூக்கமே இல்லாம, திரும்பத் திரும்ப அதே காட்சி ஒரு மாசத்துக்கு மேல ஓடுச்சுன்னா டாக்டரைப் பார்க்கணும். 14416ன்னு அரசோட டெலி மானஸ் நம்பர் 2022ல இருந்து இருக்கு, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். தனக்கோ பிள்ளைக்கோ ஏதாவது பண்ணிக்குற எண்ணம் வந்துச்சுன்னா மாசக் கணக்கு எல்லாம் பார்க்கக் கூடாது, அன்னைக்கே போகணும்.

அன்னைக்கு திறந்த வாயை மூடிட்டு, தங்கச்சி பக்கத்துல சும்மா உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போது, "அக்கா, அடுத்த வாரம் வருவியா? யாரும் இல்லாதப்ப வா"ன்னா.

நாளைக்குப் போறேன். அரை கிலோ பூண்டு வாங்கி வெச்சிருக்கேன்.