சொல்லின் எல்லையும் நீதியின் எல்லையும்

சட்டச் சொல்லுக்கு நீதிபதி பொருள் காணும்போதெல்லாம், உள்ளதை உள்ளபடி வாசியாது தம் கருத்தை ஏற்றிவிட்டார் என்று குறை கூறுவோர் நம்மிடையே உளர். சொல்லுக்குப் பொருள் ஒன்றே; அதற்கு அகராதி போதும் என்பது அவர்தம் கொள்கை. மன்னார்க் கரையில் இக்கொள்கை ஒரு நாழிகையேனும் நிலைபெறாது.

1706ஆம் ஆண்டில் ஒல்லாந்த ஆளுநர் சைமன்சின் பணிப்பின்படி திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த வழமைகளைப் பிரித்தானியர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் சட்டமாக ஏற்றனர். அதுவே தேசவழமை. 'யாழ்ப்பாண மாகாணத்து மலபார் வாசிகள்' அதற்கு உட்பட்டோர் ஆவர். இத்தொடரின் பொருள் யாது?

'மலபார்' என்பதற்கு இன்றைய அகராதி கேரளக் கரையையே காட்டும். அவ்வாறாயின் பேசாலையிலோ நானாட்டானிலோ தேசவழமைக்கு உட்பட்டார் ஒருவரும் அகப்படார்! ஐரோப்பியர் அன்று தமிழரை அப்பெயரால் அழைத்தனர் என்ற வரலாறே இங்குப் பொருள் தருகின்றது. 'வாசி' என்பதற்கு நிரந்தர வதிவிடம் உடையவர் என 1913இல் ஸ்பென்சர் எதிர் இராசரத்தினம் வழக்கு வழிகாட்டியது. தமிழராயிருத்தல் மட்டும் போதாது, இடத்தொடர்பும் வேண்டும் என்பதை 1944இல் தர்மலிங்கம் செட்டி வழக்கு தெளிவாக்கிற்று. 'மாகாணம்' என்பதோ ஒல்லாந்தர் வகுத்த யாழ்ப்பாணப்பட்டின ஆட்சிப்பிரிவா, 1833இல் அமைந்த வட மாகாணமா? இரண்டிலும் மன்னார் அடங்கியது. எனினும் எந்த வரைபடத்தை விரிப்பது என்பதை எந்த அகராதியும் சொல்லாது. ஆகவே பொருள்கோடல் திரிபு அன்று. அஃதின்றிச் சட்டமே இல்லை.

இனி, இதற்கு நேர்மாறாக, நீதிமன்றமே பொருள் விரித்து எல்லாக் குறைகளையும் தீர்க்கட்டும் என்பாரும் உளர். அவரும் தவறுகின்றனர். தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் பெயரிலுள்ள அசைவற்ற ஆதனத்தையும் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றிக் கைமாற்ற இயலாது என்பது 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின் விதி. பொதுச் சட்டத்தின் கீழுள்ள மனைவியருக்கு 1923ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அளித்த சுதந்திரம் இவளுக்கு எட்டவில்லை. போரில் காணாமற்போன கணவனுடைய மனைவி தன் சீதனக் காணியை விற்கவும் மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியை நாடவேண்டும். கணவன் இருக்குமிடம் அறியாத துயரோடு வழக்குச் செலவும் அவள் தலையிலேயே விழுகின்றது.

'எழுத்துமூலச் சம்மதம்' என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. ஐயமுள்ள சொல்லை விளக்கலாம். ஐயமற்ற சொல்லை அழிக்க நீதிபதிக்கு அதிகாரமில்லை. சமத்துவம் பேசும் 12ஆம் உறுப்புரையைத் துணைக்கழைத்தாலும், பழைய சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாயினும் செல்லுபடியாகும் என 1978ஆம் ஆண்டு யாப்பின் 16ஆம் உறுப்புரை கதவை அடைத்து நிற்கின்றது.

எனவே குற்றம் அகராதியிலும் இல்லை, நீதியாசனத்திலும் இல்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் அச்சொற்களைத் தொடாத சட்டவாக்க மன்றத்திலும், மரபு என்ற பெயரால் அதற்குக் காவல் நிற்கும் நம்மிடத்திலுமே உள்ளது. வழமை மக்களுக்காக, மக்கள் வழமைக்காக அல்லர். சம்மதம் கோரும் அவ்விதியை நீக்குமாறு பாராளுமன்றத்தைக் கேட்கும் முதற்குரல் தமிழ் கற்றோரிடமிருந்தே எழுதல் வேண்டும்.