பையின் கொள்ளளவு

கணினி விளையாட்டைப் படிப்பைக் கெடுக்கும் பழக்கம் என்று ஒதுக்கிவைக்கும் தமிழ் விமர்சனம், அது கால் நூற்றாண்டுக்கு மேலாக ஓர் ஆய்வுத்துறையாக வளர்ந்திருப்பதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. நோர்வே ஆய்வாளர் எஸ்பன் ஆர்செத் 1997இல் வெளியிட்ட நூலில், பக்கத்தைப் புரட்டுவதற்கும் மேலான உழைப்பை வாசகரிடம் கேட்டு, அவருடைய தெரிவுக்கேற்ப வடிவம் மாறும் பனுவல்களைத் தனி வகையாகப் பிரித்தார். அமெரிக்கரான இயன் பொகொஸ்ற் 2007இல், விளையாட்டு தன் கருத்தைச் சொல்லாலும் படத்தாலும் மட்டுமன்றி, எதைச் செய்யலாம், எதைச் செய்ய முடியாது என்று வகுக்கும் விதிகளாலும் முன்வைக்கிறது என வாதிட்டார். இதனை விதிவழி வாதம் எனலாம். நாயும் புலியும் ஆடிப் பழகியவருக்கு இதில் வியப்பில்லை. நாய்கள் கூடி நெருக்கினால் புலி அசைய இடமின்றிப் போவதே அந்த ஆட்டம் சொல்லும் கதை.

ரொறொன்ரோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டு, மறு ஆண்டே அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதைப் பெற்ற ‘வெண்பா’ என்ற விளையாட்டு, 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குச் சென்ற ஒரு குடும்பத்தின் கதை. தாயின் சமையற் குறிப்பேடு கிழிந்தும் மங்கியும் கிடக்க, இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாவற்றுக்கும் ஏறும் என்பதை விளையாடுபவரே ஊகித்துச் செய்கிறார். கைநழுவிய அறிவைத் துண்டுதுண்டாக மீட்கும் உழைப்பு இங்கே விதியாகவே அமைகிறது. பிழைத்தாலும் இழப்பு அதிகமில்லை என்பது அதன் இனிமை. அதன் எல்லையும் அதுவே.

போலந்தின் 11 பிற் ஸ்ரூடியோஸ் 2014இல் வெளியிட்ட ‘திஸ் வோர் ஒஃப் மைன்’, 1992 முதல் 1996 வரை நீடித்த சரயேவோ முற்றுகையைத் தழுவியது. அதில் விளையாடுபவர் படைவீரரல்லர், பொதுசனம். இரவில் உணவும் மருந்தும் தேடப் போகும் அவருடைய பையில் குறித்த சில பொருள்களுக்கே இடமுண்டு. முதிய தம்பதியின் வீட்டில் திருடினால் வயிறு நிறையலாம், ஆனால் திருடிய கதாபாத்திரம் மனமுடைந்து போகும். போலந்து அரசு 2020இல் இதனைப் பள்ளி மாணவருக்கான துணைப் பாடப்பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது.

இலங்கையின் வன்னியில், இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்யும் வட்டக்கச்சியில் அந்தப் பையை விளக்கத் தேவையில்லை. 2008இன் பிற்பகுதியிலிருந்து வட்டக்கச்சி, தருமபுரம், விசுவமடு என்று கிழக்கே தள்ளப்பட்டு 2009 மேயில் முள்ளிவாய்க்காலில் முடிந்த போர்க்கால இடப்பெயர்வில், தொடக்கத்தில் உழவு இயந்திரப் பெட்டியில் கூரைத் தகரமும் கதவு நிலையும் ஏறின. போகப் போகத் தகரம் விடுபட்டது, நெல்மூட்டை விடுபட்டது, கடைசியில் பலருக்கு மிஞ்சியது ஒரு கைப்பை. நகர்வுக்கு நகர்வு கொள்ளளவு சுருங்கும் இந்த விதியைப் போலந்து விளையாட்டிலிருந்து இரவல் வாங்க வேண்டியதில்லை.

வேறுபாடு முடிவில் இருக்கிறது. அந்த விளையாட்டு போர்நிறுத்தத்தோடு முடிகிறது. வன்னியிலோ பையில் எது இருந்தது என்ற கேள்வி மீள்குடியேற்றத்துக்குப் பிறகே வலுப்பெற்றது. காணிப் பெர்மிற்றைத் தொலைத்தவர் தன் காணி தன்னுடையதென்று நிறுவ அலைய வேண்டியிருந்தது. அரிசிக்கு விட வேண்டிய இடத்தில் செருகப்பட்ட மகனின் படம், கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில் சாட்சியமானது. ஆகவே இம்மண்ணின் கதையைச் சொல்ல வரும் விளையாட்டு, போர் ஓய்ந்த பின்னும் பல ஆண்டுகள் ஓட வேண்டும். ‘மீண்டும் தொடங்கு’ என்ற பொத்தான் அதில் இருக்கலாமா என்பதை ஆக்குபவர் முன்கூட்டியே தீர்மானித்தாக வேண்டும். இருந்தால் இழப்பு வெறும் பயிற்சியாகிவிடும்.

இப்படியொரு விளையாட்டை ஆக்கப் பெருநிறுவனம் தேவையில்லை. 2009இல் கிறிஸ் கிளிமஸ் உருவாக்கிய ‘ட்வைன்’ என்ற இலவச மென்பொருளில், நிரலாக்கம் அறியாதவரும் தமிழிலேயே கிளைக்கதை கட்டலாம். கணினி கிட்டாதோர் பத்திகளுக்கு எண்ணிட்டு, இன்னதைத் தெரிவுசெய்தால் இன்ன எண்ணுக்குச் செல்க என்று தாளிலேயே எழுதலாம். அவ்வாறு எழுதி வரும் படைப்புகளுக்கு அடுத்த இதழில் பக்கம் ஒதுக்கப்படும்.