தொண்டை நோவு, இதய வால்வு, ஓர் ஊசி

மதுரங்குளியில் பிள்ளைக்குத் தொண்டை நோவென்றால் கொத்தமல்லி அவித்துக் கொடுப்போம். பெரும்பாலும் அதோடு மாறிவிடும். சில பிள்ளைகளுக்கு மட்டும் இரண்டு மூன்று கிழமை கழித்துக் காய்ச்சல் வரும். முழங்காலும் கணுக்காலும் மாறிமாறி வீங்கும். வாதக் காய்ச்சல். மூட்டு வீக்கம் சுவடில்லாமல் வற்றிவிடும். இதய வால்வில் பட்ட காயம் பலருக்கு ஆறுவதில்லை.

கிருமி இருந்தது தொண்டையில். வால்வு ஏன் கெட வேண்டும்? அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் மெடலின் கனிங்ஹாம் பல தசாப்தங்களாகத் துருவியது இதைத்தான். ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமியின் எம் புரதத்தில் சில பகுதிகள் நமது இதயத்து மயோசின் புரதத்தை ஒத்திருக்கின்றன. கிருமியை அடிக்க உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரிகள் ஆள்மாறி வால்வின் மேற்படையைத் தாக்குகின்றன. அது புண்பட்டதும் வெண்குருதிக் கலங்கள் ஒட்டிக்கொண்டு உள்ளே நுழைகின்றன. பிரேசிலில் லூயிசா கில்ஹெர்மே குழுவினர், சத்திரசிகிச்சையில் எடுத்த வால்வுகளிலிருந்தே அந்த வெண்குருதிக் கலங்களில் ஒரு வகையான டி கலங்களைப் பிரித்து, கிருமிப் புரதத்துக்கும் இதயப் புரதத்துக்கும் அவை ஒருசேரக் கிளம்புவதை 1995இல் காட்டினார்கள். மெல்லிய வால்விதழ் தடித்து, ஓரங்கள் ஒட்டி, வழி குறுகுவது இதன் விளைவு.

தடுப்பூசிக்குக் குறுக்கே நிற்பதும் இந்த ஒற்றுமைதான். 1960களில் எம் புரத ஊசி போட்ட பிள்ளைகள் சிலருக்கு வாதக் காய்ச்சலே வந்துவிட்டது. 1979இல் அமெரிக்க அரசு அத்தகைய தடுப்பூசிகளைத் தடைசெய்தது. தடை நீங்க 2006 ஆனது. இப்போது அவுஸ்திரேலியாவில் மைக்கேல் குட் போன்றோர் அப்புரதத்தில் ஆபத்தில்லாத சிறு துண்டைக்கொண்டு முயல்கிறார்கள். எந்தத் துண்டு ஆபத்து என்பதைச் சொன்னது மூலக்கூறு ஆய்வு. ஆகவே, ‘ஆய்வுகூடத்து வித்தை நமக்கெதற்கு’ என்ற பேச்சு எனக்கு ஏற்பில்லை.

ஆனால் கைவசமுள்ள மருந்து இன்னமும் 1950களின் பென்சதீன் பென்சிலின்தான். வெள்ளையாய், தடிப்பாய் இருக்கும். குத்திய இடம் நாட்கணக்கில் கடுக்கும். மூன்று நான்கு கிழமைக்கொருமுறை, வருடக்கணக்கில் போட வேண்டும். “ஓடித் திரியிற பிள்ளைக்கு என்னத்துக்கு ஊசி?” என்று உம்மாமார் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பதிலும் அந்த மூலக்கூறுகளிலேயே உண்டு: மறுபடி கிருமி தொற்றினால், பழகிப்போன கலங்கள் மறுபடி வால்வைத் தாக்கும். உகண்டாவில் அறிகுறியில்லாத வால்வு நோயுள்ள 818 பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. இரண்டு வருடத்தில் நோய் முற்றியது ஊசி பெற்றவர்களில் 0.8 வீதத்தினருக்கு, பெறாதவர்களில் 8.2 வீதத்தினருக்கு.

செல்வந்த நாடுகளில் வால்வு நோய் முதுமையில் சுண்ணாம்பு படிவது. ஆய்வுப் பணமும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. நம் பக்கத்தில் அது நெருக்கமான வீட்டில் வளரும் பள்ளிப் பிள்ளையின் நோய். கடலையும் இறால் பண்ணையையும் நம்பிய வீட்டில் கிளினிக் நாளென்றால் ஒருநாள் கூலி போகும். புத்தளத்துக்கோ சிலாபத்துக்கோ பஸ் ஏறாமல், ஊருக்குப் பக்கத்திலேயே பின்னேரத்தில் அந்த ஊசியைப் போட ஏற்பாடு வேண்டும். வராத பிள்ளையின் வீட்டுக்கு அந்தக் கிழமையே ஆள் போக வேண்டும்.