அந்தக் கரையில் குழந்தையை இறக்கலாமா?

மாண்புமிகு சுற்றுலாத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் குடும்பங்களுக்குக் கைக்கெட்டும் உல்லாசம் கடல்தான். மலைக்குப் போக அறை எடுக்க வேண்டும். கடலுக்குப் பேருந்துக் கட்டணமும் ஒரு தூக்குப் புளிச்சோறும் போதும். எந்தக் கரைக்குப் போவது என்று முடிவு செய்ய அந்தக் குடும்பத்திடம் இருப்பவை சில புகைப்படங்களும், யாரோ சொன்ன சொல்லும், வண்டி நிறுத்த இடம் உண்டு, கழிப்பறை உண்டு என்ற தகவலும். தங்கள் துறையின் விளம்பரங்களும் பெரும்பாலும் கோயிலையும் கலங்கரை விளக்கத்தையும் சூரிய உதயத்தையுமே காட்டுகின்றன. ஏழு வயதுப் பிள்ளையை அங்கே முழங்கால் தண்ணீரில் நிறுத்தலாமா என்று கேட்டால் சொல்வதற்கு ஆள் இல்லை. சட்டமும் அரசாணையும் தாங்கள் அறிந்தவை என்பதால் அவற்றை இங்கே அடுக்கவில்லை. ஒரே ஒரு நாளை மட்டும் நினைவுபடுத்துகிறேன்.

2024 மே 6. கன்னியாகுமரி மாவட்டம், கணபதிபுரம் லெமூர் கடற்கரை. மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் கடலில் மாண்டார்கள். அதே நாட்களில் அந்த மாவட்டத்தின் வேறு கரைகளிலும் உயிர்கள் போயின. புயல் இல்லை, மழை இல்லை. வந்தது கள்ளக்கடல். தென் இந்தியப் பெருங்கடலில் எங்கோ எழும் பேரலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, காற்றே இல்லாத கரையில் திடீரென ஏறி வரும். கள்ளனைப் போல வருவதால் மீனவர்கள் அதற்கு இட்ட பெயரை, 2012-இல் யுனெஸ்கோவும் அறிவியல் சொல்லாக ஏற்றுக்கொண்டது. இது யாருக்கும் தெரியாமல் வந்ததும் அல்ல. ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் முந்தைய நாட்களிலேயே எச்சரிக்கை விடுத்திருந்தது. ஐதராபாத்துக்குத் தெரிந்தது. சென்னைக்குத் தெரிந்தது. நாகர்கோவிலுக்குத் தெரிந்தது. தண்ணீரில் கால் வைத்தவர்களுக்கு மட்டும் அதன் பொருள் போய்ச் சேரவில்லை. உயிரையும் உடலையும் பாடமாகப் படித்தவர்களுக்கே அந்தக் கடல் ஆபத்தாகத் தெரியவில்லை என்றால், மதுரையிலிருந்தும் சேலத்திலிருந்தும் முதன்முறை கடல் பார்க்க வரும் ஒரு தாய் அதை எப்படிக் கண்டுகொள்வாள்?

கண்ணால் பார்த்துக் கண்டுகொள்ளலாம் என்ற நம்பிக்கையே தவறு. கள்ளக்கடல் இல்லாத நாளிலும், அலைகள் கரைக்குத் தள்ளிக்கொண்டு வரும் நீர் எப்படியும் திரும்பிப் போயாக வேண்டும். மணல்திட்டுகளுக்கு நடுவே பள்ளமான ஓர் ஓடை கிடைத்தால் அதன் வழியே விசையோடு வெளியேறும். அந்த ஓடையில் ஆழம் அதிகம், அதனால் அங்கே அலை குறைவாகவே உடையும். இரு பக்கமும் நுரைத்துக் கொந்தளிக்க, நடுவில் ஓரிடம் மட்டும் அமைதியாகத் தெரியும். பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பார்கள்? அமைதியான அந்த இடத்தைத்தான். அக்கறையே அவர்களை ஆபத்துக்குள் கொண்டுபோய் நிறுத்துகிறது. அந்த ஓடையின் இழுவையில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் தப்பலாம். இதை நம் பள்ளிகளில் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்?

கரைக்குக் கரை கடலும் வேறு. சென்னைக் கரையில் சில அடிகளுக்குள்ளேயே தரை சரிந்து ஆழம் வந்துவிடும். தனுஷ்கோடியில் ஒரே மணல்மேட்டின் ஒரு பக்கம் அமைதியான பெண்கடல், மறுபக்கம் கொந்தளிக்கும் ஆண்கடல் என்று ஊரார் பெயர் வைத்திருக்கிறார்கள். வாடைக்காற்று வீசும் மாதங்களில் அந்தப் பெண்கடலும் சீறும். ஆகவே ‘குடும்பத்தோடு போக ஏற்ற கடற்கரை’ என்று ஒரு பட்டியலை ஒருமுறை அச்சிட்டுவிட்டால் வேலை முடிந்துவிடாது. எந்தக் கரை, எந்த மாதம், இன்று காலை எப்படி என்று மூன்றும் சேர்ந்தால்தான் விடை.

எச்சரித்தோம், தடுத்தோம், கேட்கவில்லை என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். அதில் உண்மை இருக்கிறது. குடித்துவிட்டு இறங்குபவர்களையும் காவலரை மீறி ஓடுபவர்களையும் மறுக்க முடியாது. ஆனால் ‘இங்கு குளிக்கத் தடை’ என்ற ஒரே வாசகத்தை ஆண்டு முழுவதும் நிற்க வைத்தால், கடல் குளம்போல் கிடக்கும் நாளிலும் அதே பலகை, கள்ளக்கடல் ஏறும் நாளிலும் அதே பலகை. பத்து நாள் பொய்யாகத் தெரிந்த எச்சரிக்கையைப் பதினோராம் நாள் யார் நம்புவார்கள்? எங்கும் இறங்காதே என்று சொல்வதைவிட, இந்த நூறு அடிக்குள் இறங்கு, எங்கள் ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று சொன்னால் மக்கள் கேட்பார்கள். சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவே மட்டும் குளிக்கலாம் என்பது உலகின் பல கரைகளில் பழகிப்போன நடைமுறை.

ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் கரையை யார் காவல் காப்பது என்பது அடுத்த மறுப்பு. முழுவதையும் காக்கச் சொல்லவில்லை. அரசே வாருங்கள் என்று அழைக்கும் கரைகளைக் காக்கச் சொல்கிறேன். கோவாவில் 2008 முதல் பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர்கள் கரைகளில் நிற்கிறார்கள். சென்னையை அடுத்த நம் கோவளமும் 2021-இல், கடற்கரைகளுக்கு வழங்கப்படும் சர்வதேச நீலக்கொடிச் சான்றைப் பெற்றது. அந்தச் சான்றின் 33 அளவுகோல்களில் பாதுகாப்பும் அடக்கம். ஒரு கரையில் நம்மால் முடிந்திருக்கிறது. அங்கே விளையாடும் பிள்ளைக்குக் கிடைக்கும் பாதுகாப்பு கணபதிபுரத்திலும் வேளாங்கண்ணியிலும் இறங்கும் பிள்ளைக்கு ஏன் எட்டாப் பொருளாக இருக்க வேண்டும்? ஆளுக்கும் பஞ்சமில்லை. வன்னி, தெண்டி என்று நீரோட்டத்தின் திசைக்கொரு பெயர் வைத்து, மணலில் நின்றபடியே கடலைப் படிக்கும் மக்கள் ஒவ்வொரு குப்பத்திலும் இருக்கிறார்கள். யாரேனும் மூழ்கினால் முதலில் குதிப்பவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான். அந்த இளைஞர்களுக்குப் பயிற்சியும் மிதவையும் மாதச் சம்பளமும் கொடுங்கள். உடலைத் தேடுவதற்கு மட்டும் அவர்களை அழைப்பது வெட்கக்கேடு.

ஆபத்தைப் பற்றிப் பேசினால் பயணிகள் வரமாட்டார்கள், கரையோரக் கடைக்காரர்கள் பிழைப்பு கெடும் என்றும் சொல்வார்கள். மரணம் நடந்த கரையில் சுண்டல் விற்பவருக்கும் வியாபாரம் இல்லை என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். கடல் மேல் பழி போடாதீர்கள். செத்தவர்களின் அலட்சியம் என்று கோப்பை மூடாதீர்கள். பிள்ளைகளுக்கு அலை என்றால் ஆசை, அதைக் குற்றமாக்க எந்த அரசுக்கும் உரிமையில்லை. தெரிந்த தகவலைத் தெரிய வேண்டியவர்களிடம் சேர்க்காமல் வைத்திருப்பவர்கள் நீங்கள். ஒவ்வொரு சாவுக்குப் பின்னும் இரங்கலும் நிவாரணத் தொகையும் அறிவிக்க உங்களிடம் ஆள் இருக்கிறது. காலை ஏழு மணிக்குக் கொடி ஏற்ற ஆள் இல்லையா?

அடுத்த கோடை விடுமுறைக்கு முன் ஒருமுறை கணபதிபுரத்துக்குப் போங்கள். அதிகாரிகள் படை வேண்டாம். மணலில் நின்று, கைக்குழந்தையோடு வந்த எவரையாவது, இங்கே எந்த இடத்தில் இறங்கலாம் என்று உங்களுக்கு யார் சொன்னார்கள் என்று கேளுங்கள். அவர்கள் கைகாட்ட அங்கே ஒரு கொடியும் ஓர் ஆளும் இல்லையென்றால், அந்த இடத்திலிருந்தே தொடங்குங்கள்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டுக் குடிமக்களில் ஒருவர்