வாசல்வரை வராத கடன்

கண்டி நகரின் கழிவுநீரை ஒழுங்குபடுத்துவதற்காக 2010 மார்ச்சில் இலங்கை அரசு ஜப்பானுடன் ஏறக்குறைய 14.1 பில்லியன் யென் கடனுக்கு ஒப்பந்தம் செய்தது. அன்றைய மதிப்பில் அது 17 அல்லது 18 பில்லியன் ரூபா. இப்போது ஒரு யென் இரண்டு ரூபாவை அண்டி நிற்பதால் அதே தொகை 28 பில்லியனைத் தொடுகிறது. அந்தப் பணத்தில் மகாவலிக்கு அக்கரையில், கன்னொறுவையில், நாளொன்றுக்கு 14,000 கன மீற்றர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் எழுந்தது. நகர நடுவின் தெருக்களுக்கு அடியில் குழாய்கள் போயின. இந்தக் கடனை வாங்கியிருக்க வேண்டுமா என்று கேட்டால், வாங்கத்தான் வேண்டியிருந்தது என்பதே நமது பதில். இனி வரும் கடன்களையும் வாங்கத்தான் வேண்டியிருக்கும். ஆனால் நமது நீர்க் கடன்களின் கணக்கு ஆலையோடும் பெருங்குழாயோடும் முடிந்துவிடுகிறது. திட்டக் காலம் முடிந்த பிறகு இணைப்பு எடுக்க விரும்பும் வீட்டுக்காரருக்கும், குழாய் எட்டாத மலைச்சரிவுக் குடும்பத்துக்கும், தோட்டத்து லயத்தில் வாழும் தொழிலாளிக்கும் கடன் தர நிலையான வாசல் எதுவும் நாட்டில் திறந்திருக்கவில்லை. நீருக்கும் வடிகாலுக்கும் அரசு வாங்கும் ஒவ்வொரு வெளிநாட்டுக் கடனிலும் ஒரு பங்கு, ரூபாவில் சுழலும் உள்ளூர் நிதியாக ஒதுக்கப்பட வேண்டும். அந்த ஒதுக்கீடு இல்லாத ஒப்பந்தத்தை அமைச்சரவை அங்கீகரிக்கக் கூடாது.

கடன் ஏன் தேவைப்பட்டது என்பதை ஆற்றின் போக்கே சொல்லும். 1807இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கட்டுவித்த கண்டி வாவியின் உபரி நீர் மெத எல கால்வாயாகி நகர நடுவைக் கடந்து மகாவலியில் விழுகிறது. கடைகள், விடுதிகள், வீடுகள் எல்லாம் பல பத்தாண்டுகளாகத் தங்கள் கழிவுநீரை அந்தக் கால்வாயிலேயே விட்டன. கால்வாய் ஆற்றில் கலக்கும் இடத்துக்குக் கீழே கட்டுகஸ்தோட்டையில் பெருங் கண்டிக் குடிநீர்த் திட்டத்தின் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. அதுவும் ஜப்பானியக் கடனில் கட்டப்பட்டதுதான். ஆற்று நீரைக் குடிநீராக்க ஒரு கடன் வாங்கினோம். அந்த ஆற்றை நாமே அழுக்காக்குவதை நிறுத்த இன்னொரு கடன் வாங்கினோம். முறைப்படி பார்த்தால் இரண்டாவது கடன் முதலில் வந்திருக்க வேண்டும். இன்னும் கீழே போனால் பொல்கொல்லை அணை. 1976 முதல் அங்கிருந்து மகாவலியின் நீர் அம்பன் கங்கைக்குத் திருப்பப்பட்டு வறண்ட வலயத்து வயல்களுக்குப் போகிறது. கண்டியின் மலக்குழி கண்டியோடு நிற்கும் விவகாரம் அல்ல. 1999இல் வாவி நீர் பச்சைப் பாசியால் மூடுண்டதையும், 2007இல் கம்பளைப் பகுதியில் மஞ்சட் காமாலை பரவியதையும் பார்த்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. இந்த நகரத்துக்குக் கழிவுநீர்க் குழாய் ஆடம்பரம் என்று அவர்களிடம் யாரும் சொல்ல முடியாது.

கடன் என்ற சொல்லைக் கேட்டாலே மக்கள் அஞ்சுவது நியாயம். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று அரசு அறிவித்தது. அதன் பிறகு வெளிநாட்டுப் பணத்தில் நடந்த நீர்த் திட்டங்கள் பல பாதியில் நின்றன. ஜப்பான் தன் கடன்களுக்கான பணத்தை மீண்டும் விடுவிக்கத் தொடங்கியது 2024 ஜூலையில்தான். இவ்வளவும் பட்ட பிறகு இன்னும் கடனா என்று கேட்பவர்களுக்கு நாம் சொல்வது, கடன்களைத் தரம் பிரித்துப் பாருங்கள் என்பதுதான். குறைந்த வட்டியில், பல பத்தாண்டுகளில் திருப்பிக் கொடுக்க ஜப்பானோ உலக வங்கியோ தரும் கடன் ஒரு வகை. ஒரு நாட்டின் நிறுவனத்துக்கே ஒப்பந்தம் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு வரும் கடன் வேறு வகை. சீனக் கடனில் எடுக்கப்பட்ட கண்டி வடக்கு – பாத்ததும்பறை குடிநீர்த் திட்டம் போன்றவற்றை அந்தக் கண்ணோடு ஆராய வேண்டும். அந்தத் தண்ணீர் வேண்டாம் என்பதல்ல நமது வாதம். அது என்ன விலைக்கு வந்தது என்பதைத் தண்ணீர் குடிப்பவர் அறிந்திருக்க வேண்டும். 2022 டிசம்பரில் உலக வங்கியின் சலுகைக் கடன்களுக்கு இலங்கை மீண்டும் தகுதி பெற்றது. பொருளாதார வீழ்ச்சியால் கிடைத்த வாய்ப்புத்தான் என்றாலும், நீர், வடிகால் போன்ற ஐம்பது ஆண்டு உழைக்கும் சொத்துகளுக்கு அதைப் பயன்படுத்துவதே அறிவு.

நாணய மாற்றின் ஆபத்தையும் மறைக்க வேண்டியதில்லை. தண்ணீர்க் கட்டணம் ரூபாவில் வருகிறது, கடன் யென்னிலும் டொலரிலும் போகிறது. 2010இல் 113 ரூபாவாக இருந்த டொலர் இன்று 300 ரூபா அளவில் நிற்கிறது. யென்னும் டொலருக்கு எதிராக வீழ்ந்ததால்தான் கண்டியின் கடன் அந்த அளவுக்கு ஊதிப் போகவில்லை. அது நமது திறமையால் நடந்ததல்ல. ஆகவே நாணய மாற்றின் சுமையைத் திறைசேரி தன் தோளில் வைத்துக்கொண்டு, உள்ளூராட்சி மன்றங்களுக்கும் குடும்பங்களுக்கும் ரூபாவில் மட்டுமே கடன் கொடுக்க வேண்டும். அந்நியச் செலாவணியைக் கையாளும் வழி மத்திய வங்கிக்கும் திறைசேரிக்கும் உண்டு, ஒரு பிரதேச சபைக்கு இல்லை.

இனி, தெருக்குழாய்க்கும் வீட்டு வாசலுக்கும் இடையே விட்டுப்போன சில மீற்றர்களுக்கு வருவோம். கழிவுநீர் ஆலையின் செலவில் பெரும்பகுதி நிலையானது. மோட்டார்களும் ஊழியர்களும் கடன் தவணையும் பத்து வீடுகளே இணைந்தாலும் குறைந்துவிடப் போவதில்லை. கூடுதலாக இணையும் ஒவ்வொரு வீடும் கட்டணத்தையும் தருகிறது, ஆற்றையும் காக்கிறது. ஆனால் கண்டியின் நிலவமைப்பு சமவெளி நகரங்களுக்கு இல்லாத சிக்கலைத் தருகிறது. தெருவுக்கு மேலே உள்ள வீட்டின் கழிவுநீர் தானாக இறங்கி வரும். தெருவுக்குக் கீழே சரிவில் கட்டிய வீட்டின் மலசலகூடமோ பின்பக்கத்தில், தெருக்குழாயைவிடத் தாழ்வாக இருக்கும். அந்த வீட்டுக்கு ஒரு சிறு தொட்டியும் பம்பும் வேண்டும், அல்லது அயலவர் நிலத்தின் ஊடாகக் குழாய் போக வேண்டும். பழைய கடைத்தொகுதிகளில் உரிமையாளர் ஒருவர், வாடகைக்கு இருப்பவர் இன்னொருவர். இருவரும் இது மற்றவர் செலவு என்பார்கள். இந்த வேலைக்கு எந்த வங்கி கடன் தருகிறது? உறுதிப் பத்திரமோ நகையோ கேட்காமல் தரும் வங்கி அரிது. எனவே பல பில்லியன் செலவில் போட்ட குழாய் வாசலுக்கு வெளியே ஓடும்போது, மலக்குழி நிரம்பி வழிந்து பழைய கால்வாயைத் தேடிப் போகிறது.

குழாய் வரப்போவதே இல்லாத இடங்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. நாடு முழுவதும் குழாய் வழிக் கழிவுநீர் வசதி நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு மேல் இல்லை. கண்டி நகர எல்லையைத் தாண்டினால் எல்லாம் மலக்குழியும் உறிஞ்சு குழியும்தான். சமவெளியில் உறிஞ்சு குழி தாங்கும். செங்குத்துச் சரிவில் மேல்வீட்டின் கசிவு கீழ்வீட்டின் ஊற்றுக்குப் போய்ச் சேர்கிறது. மண்ணில் இறங்கும் நீர் சரிவின் பிடிமானத்தையும் தளர்த்துகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் கண்டி மாவட்டத்தின் மலைகள் சரிந்து உயிர்களைக் கொண்டுபோன பிறகு, சரிவுகளில் நீர் எங்கே இறங்குகிறது என்பது உயிர்காப்புக் கேள்வி. முதலில் வீதியும் வீடும் கட்டட்டும், வடிகால் பிறகு பார்க்கலாம் என்ற குரல் கேட்கிறது. வடிகால் இல்லாமல் அதே சரிவில் மீண்டும் கட்டப்படும் வீடு மீண்டும் சரியும். முறையாகக் கட்டிய மலக்குழி, குறித்த காலத்தில் வந்து உறிஞ்சும் பவுசர், அது கொண்டுபோய்க் கொட்ட முறையான சுத்திகரிப்பு இடம் ஆகிய மூன்றும் பெரிய ஆலையைவிட மிகக் குறைந்த செலவில் ஆகும். சிறியவை என்பதாலேயே வெளிநாட்டுக் கடன் பேச்சுவார்த்தை மேசையில் இவற்றை யாரும் எடுத்து வைப்பதில்லை.

முதலில் கேட்ட உள்ளூர்ச் சுழல் நிதிக்குப் புதிதாக ஒரு நிறுவனத்தைத் தோற்றுவிக்க வேண்டியதும் இல்லை. 1916ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் உள்ளூர் கடன்கள், அபிவிருத்தி நிதியம் என்ற ஒன்று நூறாண்டுக்கு மேலாக இருக்கிறது. உள்ளூராட்சி மன்றங்களுக்குக் கடன் கொடுப்பதே அதன் வேலை. நாட்டில் பெரும்பாலோருக்கு அதன் பெயர் தெரியாததற்குக் காரணம், அதற்கு ஒருபோதும் போதிய முதல் கொடுக்கப்படாததே. சுழல் நிதிக்கு முன்மாதிரிகளும் உண்டு. அமெரிக்கா 1987இல் கழிவுநீருக்கான நேரடி மானியத்தைக் குறைத்து, மாநிலங்கள் தோறும் சுழல் நிதியை அமைத்தது. மத்திய அரசு முதல் கொடுத்தது, மாநிலம் அதற்கு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தது, ஓர் ஊர் திருப்பிக் கொடுத்த பணம் அடுத்த ஊருக்குப் போனது. பணக்கார நாட்டுக்கு அது சரி என்பவர்கள் தமிழ்நாட்டைப் பார்க்கலாம். 1996இல் அமைந்த தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்தின் துணையோடு, 2002ஐ ஒட்டிப் பத்துக்கு மேற்பட்ட சிறிய உள்ளாட்சிகள் ஒன்றுசேர்ந்து 30 கோடி இந்திய ரூபா அளவுக்குக் கடன் பத்திரம் வெளியிட்டன. தனித்தனியே போயிருந்தால் அவற்றில் ஒன்றுக்கும் சந்தை பணம் கொடுத்திருக்காது. சென்னையை ஒட்டிய ஆலந்தூர் அப்போது தனி நகராட்சி. அங்கே பாதாளச் சாக்கடை வருவதற்கு முன்பே வீட்டுக்கு 5,000 ரூபாவும் வணிக இடங்களுக்கு 10,000 ரூபாவும் மக்கள் முன்பணமாகக் கட்டினார்கள். மீதியைக் கடனாக எடுத்து நகராட்சி வேலையை முடித்தது. மக்கள் பணம் கொடுத்தது நகராட்சித் தலைமை தெருத்தெருவாகப் போய்க் கணக்கைச் சொன்னதால். கண்டியிலும் வீட்டுக்காரரிடம் கணக்கைச் சொல்லிக் கேட்டால் பணம் வரும் என்றே நாம் நம்புகிறோம்.

ஏழைகளால் கட்ட முடியுமா என்ற ஆட்சேபம் கனமானது. 2012க்குப் பிறகு பத்தாண்டுகள் தண்ணீர்க் கட்டணத்தை உயர்த்தாமல் வைத்திருந்துவிட்டு, 2022 செப்டெம்பரிலும் 2023 ஓகஸ்டிலும் அடுத்தடுத்து உயர்த்தியபோது, வருமானம் நொறுங்கிப் போயிருந்த குடும்பங்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். அந்தப் பத்தாண்டு மௌனம் மக்கள்மேல் காட்டிய இரக்கம் என்று நாம் ஏற்கவில்லை. தேர்தல் நேரத்துக் கோழைத்தனம் அது. ஆண்டுதோறும் சிறிதாக உயர்த்தியிருந்தால் அந்த இரட்டை அடி விழுந்திருக்காது. இணைப்புக் கடனைச் சில ஆண்டுத் தவணைகளாகப் பிரித்துத் தண்ணீர்ச் சிட்டையோடு சேர்த்து வாங்கினால், பெரும்பாலான குடும்பங்கள் ஒரே தடவையில் கட்ட முடியாததைக் கட்டிவிடும். அதுவும் முடியாத குடும்பங்களுக்கு அரசு முழு மானியம் தர வேண்டும். அந்த மானியம் வரவு செலவுத் திட்டத்தில் பெயரோடு எழுதப்பட வேண்டும், தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் நட்டக் கணக்கில் ஒளிந்திருக்கக் கூடாது. விடுதிகளும் பெரிய வணிக நிலையங்களும் சலுகைக்கு உரியவர்கள் அல்லர். ஏசல பெரஹெரா ஊர்வல நாட்களில் நகரம் கொள்ளாத கூட்டத்தால் வருமானம் பெறுகிறவர்கள், அந்தக் கூட்டத்தின் கழிவைச் சுத்திகரிக்க ஆகும் செலவில் உரிய பங்கை ஏற்பதே நீதி.

உள்ளூராட்சி மன்றங்களை நம்பிப் பணம் கொடுக்கலாமா என்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கச் சொல்லவில்லை. கண்டியில் மாநகர சபை கெட்டம்பேயில் ஆற்று நீரை எடுத்து நகருக்குள் தானே குடிநீர் வழங்குகிறது, கழிவுநீர்த் திட்டத்தையோ தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை கட்டியது. இரண்டு கைகளுக்கு இடையில் பொறுப்பு நழுவாதிருக்க ஒரே சிட்டை, ஒரே முறைப்பாட்டு மேசை வேண்டும். கன்னொறுவைக்கு அன்றாடம் வரும் கழிவுநீரின் அளவு, இணைந்த வீடுகளின் எண்ணிக்கை, மெத எலவின் நீர்ப் பரிசோதனை முடிவு ஆகியவை மாதந்தோறும் மூன்று மொழிகளிலும் வெளியாக வேண்டும். முந்தைய தவணையைக் கட்டாத, கணக்கைக் காட்டாத மன்றத்துக்கு அடுத்த கடன் இல்லை என்று நிதியம் உறுதியாகச் சொன்னால் போதும். திறைசேரியிடம் மானியம் வாங்கிச் செலவழித்துப் பழகியவர்களுக்குக் கணக்கு வைக்கும் பழக்கம் அப்படித்தான் வரும்.

தோட்டங்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் இதுவரை எல்லாத் திட்டங்களிலும் அவை கடைசிப் பந்தியில்தான் வந்தன. ஹந்தானையிலும் கலஹாவிலும் தெல்தோட்டையிலும் புசல்லாவையிலும் லயக் குடும்பங்கள் பல இன்னும் மலையிலிருந்து இழுத்த பீலித் தண்ணீரையே நம்பியிருக்கின்றன. மேலே கொழுந்து மலைக்கு அடித்த மருந்தும் பக்கத்து லயத்தின் கசிவும் அந்த ஊற்றிலேயே சேரக்கூடும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டத்துக்குள் பணம் செலவழிக்கச் சபைகளுக்குத் தடையாக இருந்தது. 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டதால் சாக்கு தீர்ந்தது, பணம் மட்டும் வரவில்லை. சுழல் நிதியின் முதல் தவணைகளில் தோட்டப்புறப் பிரதேச சபைகளுக்கு ஒரு கட்டாயப் பங்கு இருக்க வேண்டும். ஊற்றைச் சுற்றி வேலி, ஒரு வடிதொட்டி, லயத்துக்கு ஒரு நீர்மானியல்ல வீட்டுக்கு ஒரு நீர்மானி, வரிசைக்கு ஒன்றல்ல குடும்பத்துக்கு ஒரு மலசலகூடம் என்று வேலைகள் தெளிவாகவே கிடக்கின்றன. நில உறுதி இல்லை என்ற காரணத்தைக் காட்டி இணைப்பு மறுக்கக் கூடாது. நீர்மானி குடியிருக்கும் குடும்பத்தின் பெயரில் பதியப்பட வேண்டும், தோட்டக் கம்பனியின் பெயரில் அல்ல. அடுத்த நீர்க் கடனுக்கான பேச்சுவார்த்தைக்கு நிதியமைச்சின் அதிகாரிகள் போகும்போது, பேச்சு ஆலையின் கொள்ளளவுக்குத் திரும்புவதற்கு முன், இந்த நிபந்தனைகளை மேசையில் வைக்க வேண்டும்.